மேரி நட்ட செம்பருத்தி

ஜனவரி 18

ஆத்தூர்ப் பக்கத்தில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதிய 'தி சீக்ரெட் கார்டன்' நாவலைப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் இருக்கும் யார்க்‌ஷயரின் குளிரும் வசந்தமும் நம் வெயிலில் வளரும் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? பெற்றோரை இழந்த வெள்ளைக்காரச் சிறுமி ஒரு தோட்டத்தைச் சீர்செய்து தானும் சீராகும் கதை இவர்களுக்கு எதற்கு?"

படிக்கலாம் என்பது மட்டுமல்ல, படிக்கத்தான் வேண்டும் என்பேன். சேலத்தில், ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஒரு பள்ளியில் சனிக்கிழமை வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். பொங்கல் விடுமுறை முடிந்துவிட்டதால் இந்த நாவலை இரண்டாம் முறையாகத் தொடங்குகிறோம். மொத்தம் 27 அத்தியாயங்கள். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று படித்தால் முழுப்பரீட்சைக்கு முன் முடிந்துவிடும். நூல் வெளிவந்தது 1911இல், ஆசிரியர் மறைந்தது 1924இல். ஆகவே உரிமைச் சிக்கல் எதுவும் இல்லாமல் நகலெடுத்துக் கொடுக்கலாம்.

வசந்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நமக்கு வசந்தம் மழைதான் என்று சொல்லிக்கொடுங்கள், புரிந்துகொள்வார்கள். கதையில் வரும் ராபின் பறவையைக் குண்டுகரிச்சான் என்று சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மனம் எழு என்றால் உடல் எழும் என்பதை இதைவிட அழகாகச் சொல்லும் சிறுவர் நூலை நான் படித்ததில்லை. படுக்கையிலேயே கிடந்த சிறுவன் எழுந்து நிற்கும் இடத்தை வாசித்தபோது என்னுடைய சென்ற ஆண்டு வகுப்பு கைதட்டியது.

ஜனவரி 20

இன்று முதல் அத்தியாயம். சென்ற முறை இதைப் படிக்காமல், கதைநாயகி மேரி இங்கிலாந்தில் தன் மாமாவின் மாளிகைக்குப் போய்ச் சேர்வதிலிருந்து தொடங்கினேன். காரணம் எளிது. கதை இந்தியாவில் தொடங்குகிறது. அங்கே மேரி தன் ஆயாவைப் பன்றி என்று திட்டுகிறாள், அடிக்கவும் செய்கிறாள். பிள்ளைகள் முன்னால் அதை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த முறை வாசித்தேன். காலரா வருகிறது, ஆயா இறக்கிறாள், மேரியின் தாயும் தந்தையும் இறக்கிறார்கள், வேலைக்காரர்களில் பிழைத்தவர்கள் ஓடிவிடுகிறார்கள், ஓசையற்றுப்போன வீட்டில் அந்தச் சிறுமி மட்டும் மறக்கப்பட்டுக் கிடக்கிறாள். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். 2020இல் தெருவை அடைத்துத் தகரம் கட்டியதை அவர்கள் சிறு வயதில் பார்த்தவர்கள், அடைபட்ட வீடு என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காலரா என்ற சொல் மட்டும் அவர்களுக்குப் புதிது. ஒரு மாணவி, தன் பாட்டி வாந்திபேதி என்று சொல்வது இதைத்தானா என்று கேட்டாள். அதையேதான்.

பிறகு ஒரு மாணவன் கேட்டான்: "அந்த ஆயாவுக்குப் பேர் என்ன மிஸ்?" நாவலில் அவளுக்குப் பெயரே இல்லை என்று சொன்னேன். வகுப்பு அதை ஏற்றுக்கொண்டது, எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

ஜனவரி 21

நேற்று நான் சொன்னது தவறு. இரவு முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். ஆயா வராத அந்தக் காலையில் மேரி கோபத்தோடு முணுமுணுக்கும் இடத்தில், அவள் திரும்பி வந்ததும் என்னென்ன சொல்லித் திட்டலாம் என்று எண்ணும்போது, 'சைடி' என்று ஒரு பெயர் வருகிறது. அது ஆயாவின் பெயர் என்றே நான் வாசிக்கிறேன். அவள் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவளை வசைபாடுவதற்காக மட்டும் அந்தப் பெயர் எடுக்கப்படுகிறது. அடுத்த சனிக்கிழமை வகுப்பில் இதை முதலில் சொல்லித் திருத்த வேண்டும்.

ஜனவரி 27

திருத்தினேன். அந்த மாணவன் தன் நகலில் 'சைடி' என்ற சொல்லைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டான். மற்றவர்களும் வட்டமிட்டார்கள்.

அதே இடத்தில் இன்னொன்று இருக்கிறது, இத்தனை வாசிப்பிலும் நான் கவனிக்காமல் விட்டது. அந்தக் காலையில் மேரி மரத்தடியில் உட்கார்ந்து சிறுசிறு மண் குவியல்களில் செம்பருத்திப் பூக்களைச் செருகித் தோட்டம் போடுவதாகப் பாவனை செய்கிறாள். நாவலில் அவள் போடும் முதல் தோட்டம் அதுதான். அது யார்க்‌ஷயரில் இல்லை, இங்கே இருக்கிறது. மலைக் கிராமத்திலிருந்து வந்து எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பையன் கையை உயர்த்தி, பூவை நட்டால் சாயங்காலத்திற்குள் வாடிவிடும், அதே செடியின் குச்சியை ஒடித்து நட்டிருந்தால் துளிர்த்திருக்கும் என்றான். இத்தனை பெரிய விமரிசனத்தை இவ்வளவு சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. அந்த வீட்டில் அந்தக் குழந்தைக்குக் குச்சியை ஒடித்து நடக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. கற்றுக்கொடுத்திருக்கக்கூடியவளை அவள் அடித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் பள்ளியின் பின்சுவரை ஒட்டி இருபதடி நீளத்திற்கு மண்ணைக் கொத்தினோம். எங்கள் பகுதியில் கடப்பாரை போட்டால் வெள்ளைக்கல் வரும், மேக்னசைட் சுரங்கங்களின் அண்டைவீடு இது. பொறுக்கிய கல்லே இரண்டு கூடை இருந்தது. குப்பை எரு கலந்து, ஒரு வரிசையில் ஏழு செம்பருத்திக் குச்சிகளையும், பக்கத்து வரிசையில் மேரி செய்தது போல வெறும் பூக்களையும் நட்டார்கள்.

பிப்ரவரி 10

இன்று மார்த்தாவும் டிக்கனும். பணிப்பெண் மார்த்தாவும் அவள் தம்பி டிக்கனும் பேசுவது யார்க்‌ஷயர் வழக்கு. ஆங்கிலப் பாடநூல் ஆங்கிலத்தையே தட்டித்தடவிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது முட்டுச்சுவர் போல நிற்கிறது. சென்ற ஆண்டு அந்த உரையாடல்களை நானே பொது ஆங்கிலத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தேன். கதை புரிந்தது, ஆனால் கதையின் உயிர்நாடி ஒன்று போய்விட்டது. மேரி அந்தப் பேச்சை முதலில் விளங்காமல் கேட்கிறாள், பிறகு விரும்புகிறாள், பிறகு தானே பேசிப் பார்க்கிறாள். ஆயாவின் மொழியை ஏவுவதற்கு மட்டுமே பயன்படுத்திய குழந்தை, இன்னொரு ஊரில் ஏழை வீட்டுப் பேச்சை நேசித்துக் கற்றுக்கொள்கிறது. அவள் மாறுவதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

இந்த முறை மார்த்தாவின் பேச்சை அவரவர் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள் என்றேன். அம்மாப்பேட்டைத் தறிவீட்டுப் பேச்சில் ஒரு மார்த்தா வந்தாள், மேட்டூர்ப் பக்கத்து மார்த்தா ஒருத்தி வந்தாள். விடுதிப் பையன் வாயே திறக்கவில்லை. மலையில் பேசுவதைப் பேசினால் விடுதியில் சிரிப்பார்கள் என்று பிறகு தனியாகச் சொன்னான். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் கேட்டது என் தவறு.

பிப்ரவரி 11

ராபின் பற்றி நான் முதல் நாள் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். ராபின் குண்டுகரிச்சான் அல்ல. ராபினுக்கு மார்பு செம்மஞ்சள் நிறம், நம் குண்டுகரிச்சான் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். பெயரை மாற்றிவிட்டால் பிள்ளைகள் மனத்தில் தவறான பறவை வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கிலாந்தில் தோட்டக்காரர் மண்ணைக் கிளறும்போது வெளிவரும் புழுக்களுக்காக ராபின் அருகிலேயே வந்து நிற்கும். அந்தப் பழக்கம் தெரிந்தால்தான் சாவி கிடைக்கும் காட்சி பொருள்படும். ஒரு நாய் எலி போன்ற பிராணியைத் தேடிக் கிளறிப்போட்ட மண்ணில் ராபின் இரை பொறுக்க, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேரியின் கண்ணில் துருப்பிடித்த சாவி படுகிறது. பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் தோட்டத்தின் சாவி கிடைப்பது ஒரு பறவையின் பசியால். ராபின் ராபினாகவே இருக்கட்டும்.

மாளிகையைச் சூழ்ந்த மரமில்லாத திறந்த மேட்டுநிலமான 'மூர்' என்பதையும் பொட்டல், தரிசு என்று மாற்ற வேண்டாம். மலைக்கு ஒருநாள் கூட்டிப்போக எண்ணியிருக்கிறேன், அங்கே காட்டிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 24

வெறும் பூக்கள் அன்று மாலையே சாய்ந்துவிட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். குச்சிகளும் நான்கு வாரமாக அப்படியே மொட்டையாக நிற்பதால் வகுப்பில் சோர்வு. இன்று படித்த பகுதி, டிக்கன் தோட்டத்திற்குள் முதல்முறை வரும் இடம். காய்ந்து சாம்பல் நிறமாகத் தெரியும் ரோஜாக் கிளையைக் கத்தியால் கீறி, உள்ளே பசுமை இருப்பதைக் காட்டி, அதற்கு யார்க்‌ஷயர் பேச்சில் 'விக்' என்ற சொல்லைச் சொல்கிறான். உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

இதற்குத் தமிழ் என்ன என்று நான் கரும்பலகையில் சொற்களை எழுதிக்கொண்டிருந்தபோது, விடுதிப் பையன் எழுந்து பின்சுவருக்குப் போய், ஒரு குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "பச்ச இருக்கு" என்றான். ஏழில் நான்கில் பச்சை இருந்தது, மூன்று உள்ளே பழுப்பு. கரும்பலகையில் எழுதிய அத்தனையையும் அழித்துவிட்டு 'பச்சை இருக்கிறது' என்று எழுதினேன். பிப்ரவரி 10க்குப் பிறகு அவன் வாய்திறந்து வகுப்புக்குக் கொடுத்த முதல் சொல் அது, யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 9

இதை எழுதக் கை ஓடவில்லை, இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

இன்று கோலின் எழுந்து நிற்கும் அத்தியாயம். (காலின் என்று எழுதினால் 'காலின் கால்கள்' என்று வந்து பிள்ளைகள் குழம்புகிறார்கள், அதனால் கோலின்.) மேரியின் மாமா மகன், பத்து வயதுச் சிறுவன், தனக்குக் கூன் விழும், சீக்கிரம் இறந்துவிடுவோம் என்று நம்பிப் படுக்கையை விட்டு அகலாதவன். மேரியும் டிக்கனும் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தோட்டத்திற்குக் கொண்டுவருகிறார்கள். சுவரின்மேல் ஏணிவழி எட்டிப் பார்க்கும் தோட்டக்காரக் கிழவர் பென் வெதர்ஸ்டாஃப் அவனுக்கு முதுகும் கால்களும் கோணல்தானே என்று கேட்க, ஆத்திரத்தில் போர்வையை உதறி எழுந்து நிற்கிறான். நான் குரலை உயர்த்தி வாசித்தேன். சென்ற ஆண்டைப் போலவே வகுப்பு கைதட்டியது.

முதல் வரிசையில் இருக்கும் மாணவி மட்டும் தட்டவில்லை. பிறவியிலேயே இடக்கால் வலுவில்லாதவள், காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான கேலிப்பர் போட்டு நடப்பவள். எல்லோரும் போன பிறகு வந்து கேட்டாள்: "அப்ப நான் முயற்சி பண்ணலைன்னு அர்த்தமா மிஸ்? அவனுக்கும் இரும்பு போட்டாங்க, லண்டன் டாக்டர் கழட்டச் சொன்னாரு. எனக்கு ஏன் கழட்டச் சொல்லல?"

அப்படி அர்த்தமில்லை என்று சொன்னேன். அது பதிலாகாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

மார்ச் 10

தூக்கம் வரவில்லை. மனம் எழு என்றால் உடல் எழும் என்று ஜனவரி 18 அன்று நான் எழுதியதை அழிக்கப்போவதில்லை, தவறு என்று தெரியும்படி இருக்கட்டும். ஆனால் எந்த ஆசிரியரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

நாவலுக்குள்ளேயே அந்தச் சாய்வு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மனவலிமையால் நோய் தீரும் என்று நம்பிய அக்காலத்து இயக்கங்களில் பர்னெட் ஈடுபாடு கொண்டிருந்தார். இறுதி அத்தியாயத்தின் தொடக்கத்தில் எண்ணங்களை மின்கலங்களோடு ஒப்பிட்டு ஒரு சிறு பிரசங்கமே செய்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், குணமாகாத ஒவ்வொரு குழந்தையும் குற்றவாளி ஆகிவிடும்.

அவருடைய வாழ்க்கை வேறு ஒன்றைச் சொல்கிறது. மூத்த மகன் லயனல் காசநோயால் 1890இல் இறந்தபோது அவனுக்கு வயது 16. அந்தத் தாய் அவன் பிழைக்க வேண்டும் என்று நினைக்காமலா இருந்திருப்பார்? பிற்பாடு கென்ட் மாவட்டத்தில் மேத்தம் ஹால் என்ற மாளிகையில் வாடகைக்கு இருந்த ஆண்டுகளில், அங்கிருந்த மதில் சூழ்ந்த பழைய தோட்டத்தில் ரோஜாக்களை வளர்த்து, அங்கேயே அமர்ந்து எழுதினார். பிழைக்காத மகனின் தாய் எழுதிய, பிழைத்த சிறுவனின் கதை இது என்று தெரிந்தபின், கோலின் எழுந்து நிற்கும் பக்கத்தை என்னால் குரலை உயர்த்தி வாசிக்க முடியாது.

மார்ச் 16

இன்று புதிய அத்தியாயம் எதுவும் படிக்கவில்லை. பின்னால் போனோம். அந்த மாணவியிடம் முன்கூட்டியே பேசி, இதை வகுப்பில் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டேன். எடுக்கலாம், ஆனால் தன்னைப் பார்த்துப் பேசக் கூடாது என்றாள்.

கோலினுக்கு என்ன நோய் என்று நாவல் உண்மையில் சொல்வதை மட்டும் பட்டியலிடச் சொன்னேன். பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்தார்கள்: தாய் இறந்த துயரத்தில் தந்தை மகனைப் பார்க்கவே அஞ்சுகிறார். பிள்ளை பிழைக்காது என்று வேலைக்காரர்கள் அவன் காதுபடப் பேசுகிறார்கள். அவனைக் கவனிக்கும் மருத்துவர் உறவினர், அவன் இறந்தால் சொத்து அவருக்கு வரும். இரவில் அவன் வீறிட்டு அழும்போது மேரி கோபத்தோடு ஓடிவந்து, முதுகைத் திறந்து காட்டச் சொல்லி மேலும் கீழும் பார்த்துவிட்டு, அங்கே கட்டி எதுவுமே இல்லை என்று கத்துகிறாள். அதுவரை முதுகைப் பற்றி அவன் வாய்விட்டுக் கேட்டதும் இல்லை, யாரும் அவனுக்குச் சொன்னதும் இல்லை.

அப்போது அந்த மாணவி தானாகவே பேசினாள். அவனுக்கு யாரும் பார்த்துச் சொல்லவில்லை, அதனால் பயந்துபோய்ப் படுத்திருந்தான், எனக்கு டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்கிறார், அதனால் நான் பள்ளிக்கூடம் வருகிறேன் என்றாள். அவளுடைய சொற்களை ஏறக்குறைய அப்படியே தந்திருக்கிறேன். நான் ஒரு வாரம் தேடியும் கிடைக்காத விளக்கம் அது.

பிறகு குணமாவதை வேறு எதைக்கொண்டு அளக்கலாம் என்று பேச்சு திரும்பியது. டிக்கனிடம் மேரி, தனக்குப் பிடித்தவர்களை எண்ணிச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. ராபினையும் சேர்த்து, அவன் ஐந்தாவது ஆள். ஐந்து பேரைப் பிடிக்கும் என்று தான் நினைத்ததே இல்லை என்கிறாள். முதல் அத்தியாயத்தில் அந்த எண்ணிக்கை பூஜ்யம். கால்கள் நடப்பதை விட இந்த எண்ணிக்கை நல்ல அளவுகோல் என்று வகுப்பு முடிவு செய்தது. மேரிக்கு முன்பைவிடப் பசிக்கிறது, கயிறு தாண்டுகிறாள், பேசுகிறாள் என்று இன்னும் சிலவற்றைச் சேர்த்தார்கள்.

மார்ச் 23

வசந்தம் பற்றியும் ஒரு திருத்தம். நமக்கு வசந்தம் மழைதான் என்று எழுதியிருந்தேன். இன்று காலை பள்ளி மைதானத்துப் புங்க மரத்தைக் காட்டிச் சிறுமி ஒருத்தி கேட்டாள், இது மழையே பெய்யாமல் எப்படித் துளிர்த்தது என்று. மாசியில் இலையெல்லாம் உதிர்ந்து கிடந்த மரம், பங்குனி வெயிலில் பளபளவென்று தளிர்விட்டு நிற்கிறது. இளவேனில் என்று நம் முன்னோர் பெயர்வைத்த பருவத்தை வைத்துக்கொண்டே நான் நமக்கு வசந்தம் இல்லை என்பது போலப் பேசியிருக்கிறேன். கேள்வி கேட்ட ஆத்தூர் ஆசிரியை இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்: மரத்தைக் காட்டுங்கள், போதும்.

மார்ச் 30

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு போய்வந்தோம். விடுதிப் பையனின் தாய் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர், அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. ஒன்பது பத்து நாளுக்கு முன் மலையில் ஒரு கோடை மழை பெய்திருக்கிறது, செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகை வாசம். மொட்டுகள் பனிக்காலம் முழுவதும் காய்ந்தது போலக் காத்துக் கிடக்கும் என்றும், ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே ஒன்றாகப் பூக்கும் என்றும், இரண்டு மூன்று நாளில் வதங்கிவிடும் என்றும் அந்த அம்மா விளக்கினார். அவர் தம் ஊர்ப் பேச்சிலேயே பேசினார், மகன் பக்கத்தில் நின்று எங்களுக்குச் சொல் சொல்லாகப் பொருள் சொன்னான். ஒரு மணி நேரம் அவனே ஆசிரியன்.

பிறகு சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிக்கு வண்டியிலேயே போனோம். குகைக்குள் சேர்வராயனையும் காவேரியம்மனையும் வணங்கிவிட்டு வெளியே வந்தால் மரமில்லாத அகன்ற சமவெளி, புல், காது அடைக்கும் காற்று. மூர் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. மேரிக்கு முதலில் பிடிக்காமல் பிறகு பிடித்துப்போன இடம் எது என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லாமல் ஓடினார்கள். கேலிப்பர் போட்ட மாணவி காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நகலை எடுத்து வைத்துக்கொண்டு, தாள் பறக்காமல் கல் வைத்துப் படித்தாள்.

ஏப்ரல் 6

நாவல் முடிந்தது. கடைசி அத்தியாயத்தில் தந்தை திரும்பி வருகிறார், ஓட்டப்பந்தயத்தில் ஓடிவரும் கோலின் அவர்மேல் மோதுகிறான், தந்தையும் மகனும் மாளிகையை நோக்கி நடக்கிறார்கள். "மேரி எங்க போனா?" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். சாவியைக் கண்டெடுத்தவள், கதவைத் திறந்தவள், கோலினின் முதுகைப் பார்த்துச் சொன்னவள், இறுதிக் காட்சியில் ஓரமாகப் போய்விடுகிறாள். இது ஆசிரியர் செய்த குறை என்றே நானும் நினைக்கிறேன், அதற்குச் சமாதானம் சொல்லவில்லை. மேரிக்காக ஒரு கடைசிப் பக்கம் எழுதி வாருங்கள் என்றேன்.

ஏப்ரல் 8

பக்கங்கள் வந்துவிட்டன. பாதிப் பேர் மேரியைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பி, சைடியின் வீட்டைத் தேடவைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் யார் இருப்பார்கள், மேரி என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பாள் என்பதில் ஒவ்வொருவரும் வேறுபடுகிறார்கள். ஒருவன் மட்டும், சைடியின் மகள் கதவைத் திறக்கவே இல்லை என்று முடித்திருக்கிறான்.

முதல் வரிசை மாணவி அப்படி எழுதவில்லை. அவள் பக்கத்தில், தந்தையும் மகனும் நடந்துபோன பிறகு மேரி தோட்டத்திலேயே நிற்கிறாள், சாய்ந்திருந்த ஒரு ரோஜாக் கொடிக்கு முட்டுக்கொடுத்துக் கயிறு கட்டுகிறாள். கோலின் திரும்பிப் பார்த்து, வா என்கிறான். இதைக் கட்டிவிட்டு வருகிறேன், நில் என்கிறாள் மேரி. அவன் நிற்கிறான்.

நான்கு குச்சிகளில் மூன்று இப்போது இலை விட்டிருக்கின்றன. மே மாத விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். விடுதி மூடிவிடும், பையன் மலைக்குப் போய்விடுவான். பள்ளிக்குப் பின் தெருவில் இருக்கும் நான்கு பேர் நாள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் வரிசை மாணவி செவ்வாயும் வெள்ளியும் எடுத்துக்கொண்டாள்.